ராகு காலத்தில் ஓர் அமெரிக்க யுத்தம்

என் ஒரே மகளின் பரிசத்தை, நான் ஒருநாளும் போகாத, போகக் கேட்டாலும் விசா தராத ஒரு நாட்டில் நூற்றறுபது வருசத்துக்கு முன்னால் நடந்த சண்டையை வைத்துக் கெடுக்கப் பார்த்தவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. என் மனைவி அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டாள், என் சார்பில், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

மகள் பசறைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள். பையன் பதுளையில் தாதி உத்தியோகம் பார்க்கிறான். இரண்டு பேரும் பசறை பஸ்ஸில்தான் பழக்கம். அந்த ரோட்டின் வளைவுகளில் பஸ் எப்படித் திரும்பும், உள்ளே நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு தகப்பன் அதற்குமேல் யோசிக்கக் கூடாது. நானும் யோசிக்கவில்லை. பையன் வீட்டுக்கு வந்தான், தேத்தண்ணி குடித்தான், "மாமா, எங்கப்பா வந்து பேசணும். அவரு வந்துட்டா எல்லாம் சரி. வர்றதுதான் கஷ்டம்" என்றான்.

அவன் அப்பாவும் எங்களைப் போல இந்தத் தேயிலை மலைக்காரர்தான். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். தமிழர்களைத் தாக்கிய எழுபத்தேழு கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. குடும்பத்தோடு லொறி ஏறி வவுனியாவுக்குப் போய் அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறகு அங்கேயும் சண்டை வந்து, நாலு தடவை இடம் மாறி, கடைசியில் வவுனியா டவுனிலேயே சைக்கிள் சாமான் கடை வைத்து நிலைத்தார். இந்தப் பக்கம் இனிக் காலடி வைப்பதில்லை என்று எப்போதோ சொன்னவர், நாற்பது வருசத்துக்கு மேல் வைக்கவும் இல்லை. மகனுக்குப் பதுளைக்கு நியமனம் வந்தபோது மூன்று மாதம் அவனோடு பேசவில்லையாம். அப்படிப்பட்டவர் பெண் எடுக்க வருகிறார். அப்பா மனம் கோணினால் தான் கட்டமாட்டேன் என்று பையன் முதல் நாளே மகளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் அதைத்தான் நல்ல குணம் என்று என்னிடம் வந்து சொன்னாள்.

ஆக, ஒரு மனிதர் அரை நாள் எங்கள் வீட்டில் மனம் கோணாமல் இருந்துவிட்டுப் போகவேண்டும். வேலை அவ்வளவுதான்.

மனைவி முதல் நாளே ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டுத் தந்தாள். பேசக் கூடாதவை: சண்டை, கலவரம், வன்னி, தொழிற்சங்கம், எலக்‌ஷன், இந்தியாவுக்கு யார் போனார்கள் யார் இருந்தார்கள், ஊரைச் சிரிக்கவைக்க நான் பத்திரிகைகளுக்கு எழுதும் பகிடிக் கட்டுரைகள். கடைசியாகச் சொன்னதன் கீழே இரண்டு கோடு.

"அப்ப எதைத்தான் பேசுறது?"

"மழையைப் பத்திப் பேசுங்க. அதுக்கும் அபிப்பிராயம் சொல்லாதீங்க."

அரசாங்க அலுவலகமொன்றில் சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி இருபத்தைந்து வருசம் சோறு தின்கிறவன் நான். ஒரு வாக்கியத்தில் யாருக்கும் எதுவும் புரியாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். அரை நாள் முடியாதா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குள் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. அவர்கள் நள்ளிரவிலேயே வவுனியாவில் வேன் ஏறி, நுவரெலியாப் பக்கம் ஒரு கோயில் கும்பிட்டு, வெலிமடை வழியாக வந்தார்கள். வெலிமடைக்கு இந்தப் பக்கம் லீக்ஸ் ஏற்றிய லொறியொன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டதாம். வேன் எங்கள் வாசலுக்கு வரும்போது பத்து இருபத்தேழு. என் மனைவியின் அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாரையும் ஆடு ஓட்டுவதுபோல உள்ளே ஓட்டினார். கடைசி ஆள் படி ஏறும்போது பத்து முப்பது.

"ராகு காலம் பிடிச்சிருச்சு. இனிப் பன்னிரண்டுக்குத்தான் தட்டு" என்று அறிவித்தார். இந்த மச்சான் இன்னமும் தோட்டத்திலேயே இருக்கிறவர், தோட்டக் கமிட்டித் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலப் பேசுவார். முறைப்படி சபையில் பெண் வீட்டுக்காகப் பேசவேண்டியவர் அவர்தான், தாய்மாமன். நான் தகப்பன். என் வேலை வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

ஆக ஒன்றரை மணித்தியாலம். நடுக்கூடத்தில் பாய். பாயின் நடுவில் எங்கள் தட்டும் அவர்கள் தட்டும்: வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், தேங்காய், சேலை. அந்தப் பக்கம் பையனின் அப்பா, பையன், அம்மா. இந்தப் பக்கம் மச்சானும் நானும். பெண்கள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில்.

"இங்க மழை எப்படிங்க?" என்றார் பையனின் அப்பா. ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டையை மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

"பெய்யுதுங்க."

"அங்க இல்ல."

"இங்க பெய்யுது."

மழை அத்தோடு முடிந்தது. வெலிமடை உருளைக்கிழங்கைப் பற்றி மச்சான் கொஞ்ச நேரம் பேசினார். கட்லட் வந்தது. மணி பத்து நாற்பது. அப்போதுதான் பையனின் அப்பா என் புத்தக அலமாரியைப் பார்த்தார்.

"அது என்னங்க, செங்கல்லு மாதிரி ஒரு புத்தகம்?"

எத்தனை வருசமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஒருவரும் அந்த அலமாரியைப் பார்த்துக் கேட்பதில்லை. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டு யுத்தத்தின் வரலாறு அது. எண்ணூறு பக்கத்துக்கு மேல், ஆங்கிலத்தில். கொழும்பில் ஒரு நடைபாதையில் வாங்கியது. தொண்ணூறாம் பக்கத்தில் பஸ் டிக்கட் ஒன்று அடையாளமாக இருக்கிறது, பல வருசமாக அதே இடத்தில். ஆகவே அந்தச் சண்டையை யார் தொடங்கினார்கள் என்பதில் நான் நிபுணன். எப்படி முடிந்தது என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை.

மனைவியின் பட்டியலை மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். அமெரிக்கா அதில் இல்லை. கூடத்தில் அமெரிக்கர் யாரும் இல்லை. இதைவிடப் பத்திரமான விசயம் உலகத்தில் கிடையாது என்று முடிவு செய்தேன். சுற்றறிக்கைகளில் நான் விடும் பிழைகளும் இப்படித்தான், மிகவும் யோசித்து விட்டவை.

"ஒரு நாடு ரெண்டாப் போகப் பார்த்த கதைங்க" என்று ஆரம்பித்தேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

சொல்லிக்கொண்டு போனபோது, படம் இல்லாமல் விளங்காது என்று தோன்றியது. எங்கள் தட்டிலிருந்து தேங்காயை எடுத்துப் பாயின் நடுவில் வைத்தேன். பரிசத் தட்டில் வைத்த தேங்காயை மாற்றுவதற்கு முன் யாரும் தொடுவதில்லை என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

"இது கோட்டை. கடலுக்கு நடுவுல. தெற்கத்தி ஆளுக துறைமுகத்துல இருக்கு. ஆனா உள்ள இருக்கிற சிப்பாய்க வடக்கத்தி அரசாங்கத்து ஆளுக."

அவர் குனிந்து தேங்காயைப் பார்த்தார். "தெற்கத்தி ஆளுக தனியாப் போயிட்டாங்களா?"

"போறோம்னு அறிவிச்சிட்டாங்க."

"அறிவிச்சதுக்கப்புறம் இவங்க ஏன் உள்ள இருக்காங்க?"

"கோட்டை அரசாங்கத்தோடதுங்க."

"ஊரு?"

"ஊரு… ஊருக்காரங்களோடது."

"ம்" என்றவர், அவர்கள் தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்துத் தேங்காய்க்கு எதிரே வைத்தார். "அப்ப இது ஊருங்க."

நான் பரவசப்பட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். கேட்கத் தெரிந்த மனிதர்! பிரிந்துபோன தெற்கு, எண்ணிக்கையில் தோற்ற தேர்தல், புதிதாக வந்த தாடிக்கார ஜனாதிபதி, கோட்டைக்குள் மா தீர்ந்துபோனது, எல்லாவற்றையும் சொன்னேன். பாக்குகளைச் சிப்பாய்களாக்கினேன். ஜனாதிபதி அனுப்பிய கப்பலுக்குக் கட்லட் பீங்கான்.

மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாடுன்னா ஒண்ணுதான்" என்றார். "ஆளுக்காளு பிச்சுக்கிட்டுப் போறதுக்கு அது என்ன ரொட்டியா?"

"சும்மா இருக்கிறவன் பிச்சுக்கிட்டுப் போவானா, தலைவரே? உள்ள வச்சு மிதிச்சாத்தான் போவான்."

"மிதிச்சா பேசணும். பேச்சுவார்த்தைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"பேசிப் பாத்தவங்களைக் கேளுங்க."

இந்த இடத்தில் நான் மழைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வாதத்தில் எனக்குத் தெரிந்த பக்கம் வரும்போது என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. "உணர்ச்சியை விடுங்க, கணக்கைப் பாப்போம்" என்றேன். "முதல் வெடி வச்சது யாரு? தெற்கு. விடியக்காலையில கோட்டை மேல குண்டு போட்டது அவங்கதான். சண்டையைத் தொடங்கினவங்க அவங்கதான். இது பதிவு."

"கப்பல் அனுப்பினது?"

"அதுல சோத்து மூட்டை மட்டும்தாங்க. சொல்லிட்டுத்தான் அனுப்பினாங்க."

"ஓம்" என்றார் அவர்.

அதுவரை எங்கள் மலைப் பேச்சில் 'ஆமாங்க' என்றே பேசிக்கொண்டிருந்த மனிதர், வடக்குப் பேச்சுக்கு மாறிவிட்டார். பையன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அந்த வீட்டில் 'ஓம்' வரத் தொடங்கினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும் போல.

"ஓம். சோத்து மூட்டைன்னு சொல்லி அனுப்புறதுல என்னென்ன வரும், என்னென்ன வராதுன்னு எனக்குத் தெரியும்ங்க. நான் வன்னியில இருந்தவன். அவன் கப்பல் அனுப்பினதே இவன் சுடட்டும்னுதான். சுட்டாத்தான பழி இவன் மேல விழும்? முதல்ல சுட்டவனை மட்டும் எழுதி வச்சிருக்காங்க உங்க புத்தகத்துல. அவனைச் சுட வச்சவன் எத்தனாம் பக்கத்துல இருக்கான்?"

நல்ல கேள்வி. அறிஞர்களே அதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன், முன்னுரையில். ஆனால் எதிராளி நல்ல கேள்வி கேட்டால் நான் நன்றி சொல்லும் ரகம் இல்லை.

"அப்படிப் பின்னாடியே போய்க்கிட்டிருந்தா பிரம்மா வரைக்கும் போகவேண்டியதுதாங்க."

"அவ்வளவு தூரம் வேணாம். எழுபத்தேழு வரைக்கும் போனாப் போதும்."

சமையலறை வாசலில் என் மனைவி நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் மகள், பட்டுச் சேலையில். மகள் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல இடம்வலமாக ஆட்டினாள்.

அவர் சத்தம் போடவில்லை. தேங்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மத்தியானம் ரெண்டு மணிங்க. அம்மா கொழுந்து நிறுக்கப் போயிருந்துச்சு. நான் லயத்துக் காம்பராவுல சோறு போட்டுக்கிட்டிருந்தேன். வந்தவங்க அடுத்த ஊருக்காரங்க, ரெண்டு பேரை எனக்குத் தெரியும். எங்கப்பன் எவனையும் சுடல. தனிநாடும் கேக்கல. அவருக்கு வவுனியா எந்தப் பக்கம்னே தெரியாது. யாரு தொடங்கினான்னு என்னைக் கேட்டா, நான் அந்தச் சோத்துத் தட்டைத்தான் சொல்லுவேன். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்கு அதோட மிச்சம்."

ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்வதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. எனக்கு அமைந்தது. நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பட்டிமன்றத்தில் ஒரு பாயிண்ட் கிடைத்தவன்போல் முன்னால் சாய்ந்து, "அதுக்காக எல்லாருமா போனாங்க? நாங்க இங்கயேதானே இருந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் எழுந்தார். தோளில் துண்டைச் சரி செய்தார். கூடத்தைக் கடந்து விறாந்தைக்குப் போய், குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டினார்.

"தம்பி, வேனைத் திருப்பச் சொல்லு."

பையன் எழுந்தான். அப்பாவையும் பார்த்தான், சமையலறை வாசலையும் பார்த்தான். அவன் முகம் ஆஸ்பத்திரியில் அவன் கவனிக்கிற நோயாளிகளின் முகம்போல இருந்தது. என் மகள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர்கள் ஒரு பிழையை அழிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி.

அப்போது பையனின் அம்மா வாய் திறந்தார். அதுவரை ஒரு மூலையில் கட்லட்டைப் பிட்டுக்கொண்டிருந்தவர்.

"இந்தாங்க! மணி பதினொண்ணு நாப்பது. ராகு காலத்துல படி இறங்கி எங்க போறீங்க? பொண்ணு வேணாம்னா விடுங்க. நாங்க உசிரோட வீடு போய்ச் சேரவேணாமா? அந்த வளைவு ரோட்டைப் பாத்தீங்கல்ல?"

விறாந்தையில் அவர் நின்றார். மலையை விட்டு ஓடி, காடு வெட்டி, நாலு தடவை இடம் மாறி, எதற்கும் பின்வாங்காத மனிதர் ராகு காலத்துக்குப் பின்வாங்கினார். செருப்போடு முதல் படியின் விளிம்பு வரைக்கும் போய் அங்கேயே நின்றுகொண்டார், முதுகைக் காட்டியபடி. பன்னிரண்டு அடித்ததும் இறங்கிவிடுவார். எங்களுக்கு இருந்தது இருபது நிமிசம்.

பையனின் அம்மா பாயில் பரவிக்கிடந்த தேங்காயையும் பழத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது சரிங்க, அந்த அமெரிக்காச் சண்டை எதுக்கு வந்துச்சு? இந்தக் கோட்டைக்கா?"

"இல்லைங்க" என்றேன், குரல் இறங்கி. "அங்க பருத்தித் தோட்டங்க இருந்துச்சு. ஆபிரிக்காவுல இருந்து கொண்டாந்த ஆளுகளை அடிமையா வச்சு வேலை வாங்கினாங்க. அதைத் தொடர்ந்து வச்சுக்கணும்னுதான் தெற்கத்தி ஆளுக பிரிஞ்சு போனது."

"தோட்டமா? பெரட்டெல்லாம் உண்டா?"

"விடியுமுன்ன மணி அடிச்சுக் கூப்பிடுவாங்களாம்."

"கங்காணி?"

"சாட்டையோட."

"லயம்?"

"வரிசையாக் குடிசைங்க."

"அட பாவமே" என்றார். பத்து வருசம் கொழுந்து பறித்தவர் அந்த அம்மா, வவுனியாவுக்குக் கல்யாணமாகிப் போகும் வரைக்கும். பாயில் கிடந்ததை விரலால் காட்டினார். "இவ்வளவு நேரமா இதை எல்லாம் நகட்டிக்கிட்டிருந்தீங்களே. அந்த ஆளுக இதுல எங்க இருக்காங்க?"

நான் பாயைப் பார்த்தேன். கோட்டை இருந்தது, ஊர் இருந்தது, கப்பல் இருந்தது, சிப்பாய்கள் பாக்குப் பாக்காய் இருந்தார்கள். அந்த ஆட்கள் இல்லை. உண்மையில் அவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் நீளமாக ஓர் அத்தியாயம் இருந்தது. வெடிச் சத்தம் எப்போது வரும் என்ற அவசரத்தில் நான் அதைப் புரட்டிவிட்டேன். கூலிக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை, பருத்தித் தோட்டத்து ஆட்களை நாற்பது பக்கம் தாண்டிப் போய், துரைமார் யார் முதலில் சுட்டது என்று ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இல்லைங்க" என்றேன். "அவங்களை வைக்க மறந்துட்டேன்."

விறாந்தையிலிருந்து ஒரு குரல் வந்தது. முதுகு திரும்பவில்லை.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் தொரைமாருக்கா பேசிக்கிட்டிருந்தேன்?"

"ஆமாங்க" என்றார் மச்சான், கொஞ்சம் சந்தோசமாகவே.

"நீங்க யாருக்குப் பேசினீங்க தலைவரே?"

மச்சான் என்னைப் பார்த்தார். "வடக்கத்தித் தொரைக்கு" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

பையனின் அம்மா சிரித்தார். மகளும் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். படியில் நின்றவர் சிரித்த மாதிரித் தெரியவில்லை. சிரிப்பால் தீரக்கூடிய காரியத்தை நான் செய்திருக்கவில்லை. மனைவி என் பக்கத்தில் வந்து குனிந்து, தேங்காயை எடுக்கிற சாக்கில், "போங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் எங்கள் இருபத்தெட்டு வருச இல்லறம் முழுவதும் இருந்தது.

போனேன். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் நின்றேன். அவர் எதிரே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உள்ள சொன்னது பொய்ங்க" என்றேன்.

"எது? அமெரிக்காவா?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னது."

அவர் திரும்பவில்லை. நான் சொன்னேன். எழுபத்தேழில் எனக்கு எட்டு வயது. கொளுத்த வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் பசறைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலைக்கு ஓடி, தேயிலைக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானுக்குள் படுத்தாள். காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் என் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். நான் அன்றைக்கும் பேசக் கூடாத நேரத்தில் பேசும் பிள்ளைதான். திரும்பி வந்தபோது காம்பராவில் கதவு இல்லை. அப்பா ஆசையாக வாங்கிய ரேடியோ இல்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து வேலைக்கு நின்றார்கள்.

"நாங்க தைரியத்துல இருக்கலைங்க" என்றேன். "போறதுக்கு ஒரு இடம் தெரியல. அதான் இருந்தோம். பிறகு அதையே ஒரு பெருமையாப் பேசிப் பழகிட்டேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பகிடியாக எழுதக்கூட முயன்றதில்லை.

"ஏழாம் நம்பர் கானுலயா?" என்றார் அவர். "அதுல அட்டை ஜாஸ்தியாச்சே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தோட்டத்து எல்லை அதுக்கு மேலதான."

"ஜாஸ்திதாங்க. அம்மா வீட்டுக்கு வந்து எண்ணிக்கிட்டே பிடுங்கிச்சு."

"எங்கப்பனுக்கு மட்டும் இடம் தெரிஞ்சா போனாரு?" என்றார். "ரோட்டுல ஒரு லொறி நின்னுச்சு. வவுனியாவுக்குப் போறேன்னான். ஏறுன்னாரு, ஏறினோம்."

"வேற ஊருக்குப் போறேன்னு சொல்லியிருந்தா?"

"வேற ஊருல சைக்கிள் கடை வச்சிருப்பேன்."

உள்ளேயிருந்து மச்சானின் குரல் மலை வரைக்கும் கேட்டது. "பன்னிரண்டாச்சு! ராகு காலம் விட்டாச்சு!"

இனி அவர் இறங்கலாம். தடுக்க ஒன்றும் இல்லை. வேன் கேற்றடியில் நின்றது. அவர் தன் கை மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். என் கையையும் பிடித்துத் திருப்பி என்னுடையதைப் பார்த்தார்.

"உங்க மச்சான் மணிக்கூடு ரெண்டு நிமிசம் வேகம்" என்றார். அந்த இரண்டு நிமிசமும் நின்றோம். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, குவியலில் போடாமல் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

தேங்காயை மனைவி மஞ்சள் தண்ணீரில் கழுவித் திரும்பத் தட்டில் வைத்திருந்தாள். கோட்டை விழுந்த இடத்தில் ஒரு பாக்கு மட்டும் கிடந்தது, அதை நான் காலால் மறைத்துக்கொண்டேன். மச்சான் சபையைக் கேட்டார், சபை சம்மதம் சொன்னது, தட்டு மாறியது. நான் வாய் திறக்கவில்லை. மகளும் பையனும் கும்பிட வந்தபோது மட்டும், "நல்லா இருங்க" என்றேன், அதுவும் மனைவியின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு.

அன்று சாயந்தரம் வேன் போன பிறகு நான் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. பார்த்தீர்களா, ஒரு பொய்யால் கெட்டதை ஓர் உண்மையால் சரி செய்துவிட்டேன், இரண்டு நாட்டு யுத்தத்தையும் ஒரே விறாந்தையில் முடித்துவிட்டேன் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. உள்ளத்தைத் திறந்தால் கல்லும் கரையும் என்ற தோரணையில் மனைவிக்கும் இரண்டு நாள் பாடம் நடத்தினேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் பதில் சொல்லாமல் கேட்பதை நான் எப்போதும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து பையனின் அம்மா என் மனைவியோடு போனில் பேசினார். கல்யாணத்துக்கு நாள் குறிக்க. நான் பக்கத்திலேயே நின்றேன், என் பெயர் வருமா என்று. வந்தது. மனைவி போனை மூடி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பில்.

"என்னவாம்?"

"நீங்க அன்னைக்கு நடந்ததை மனசுல வச்சுக்கிட்டிருக்கப் போறீங்களேன்னு அந்த அம்மாவுக்குக் கவலையாம். அவரு எல்லாப் பரிசத்துலயும் ஒரு தடவை செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்புவாராம். அவங்க மூத்த மக பரிசத்துல ரெண்டு தடவையாம்."

"அங்க எதுக்காம்?"

"பாயாசத்துல முந்திரிப்பருப்பு போடலையாம்."